வெட்டுன ஆடு எப்படிய்யா நிக்கும்?

வெளிப்படுத்தின விசேஷம் என்றாலே எங்கள் சபைகளில் பாதிப்பேருக்கு வயிற்றைக் கலக்கும். வேதாகமத்தின் கடைசிப் புத்தகம் அது. கத்தோலிக்க நண்பர்கள் திருவெளிப்பாடு என்கிறார்கள். அவர்களில் பழைய தலைமுறை காட்சியாகமம் என்றது. ஏழு தலை மிருகம், 666 என்ற எண், இரத்தம் போலச் சிவக்கும் நிலா, வானத்திலிருந்து உதிரும் நட்சத்திரங்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன. நான் சிறுவனாக இருந்தபோது கன்வென்ஷன் பந்தல்களில் இவற்றையெல்லாம் ஒரு பெரிய துணியில் வரிசையாக வரைந்து தொங்கவிட்டிருப்பார்கள். பிரசங்கியார் நீளக் கம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். ராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே வரமாட்டோம்.

என்னை வாசிக்கிற நண்பர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களே அதிகம். அவர்களில் ஒருவர், என்னோடு காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கிறவர், "உங்க ஆளுங்க எப்பப் பார்த்தாலும் உலகம் முடியப்போகுதுன்னே சொல்றாங்களே, அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புத்தகம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று ஏழு ஊர்கள். அந்த ஊர்களில் இருந்த சின்னச் சின்ன சபைகள். ரோமப் பேரரசன் டொமிஷியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 95இல், பத்மு என்ற தீவிலிருந்து யோவான் என்பவர் எழுதியனுப்பினார் என்பது பல அறிஞர்களின் கருத்து. பேரரசனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்ட காலம் அது. கும்பிட மறுத்தவன் சந்தையிலும் ஊரிலும் தனியாளானான். பெர்கமுவில் அந்திப்பா என்றொருவர் கொல்லப்பட்டதை அந்தப் புத்தகமே பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. ஆக, வாசித்தவர்கள் அதிகாரம் இல்லாதவர்கள், அடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள். 666 என்பது நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் வருகிற தொகை என்று பலர் விளக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பார்கோடும் இல்லை, ஆதார் அட்டையும் இல்லை.

நாள் குறித்து ஏமாந்தவர்களின் கதை பெரிது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் வைத்துக் காத்திருந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, திருவிதாங்கூரில், பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் 1881இல் கிறிஸ்து வந்துவிடுவார் என்று அறிவித்தார். வித்துவான் குட்டி என்பது அவருடைய இன்னொரு பெயர். யுயோமயம் என்ற சபையே அதிலிருந்து உண்டானது. அதற்கு முந்தைய எழுப்புதல் நம் பக்கத்தில், 1860இல், கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன் முன்னின்று நடத்தியதுதான். அந்த அலைதான் மலை தாண்டிப் போயிற்று. இதையெல்லாம் கேலி செய்யும் உரிமை நமக்கு இல்லை. 1979இல் ஸ்கைலாப் விழப்போகிறது என்றதும் மதம் பார்க்காமல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 11ஆம் தேதி அது இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. நம்மூரில் சிலர் அதற்குள் கோழியை அடித்துத் தின்று தீர்த்திருந்தார்கள்.

என் பார்வையில் அந்தப் புத்தகத்தின் மையம் மிருகமும் அல்ல, எண்ணும் அல்ல. ஐந்தாம் அதிகாரத்தில் வருகிற ஒரு காட்சி. பரலோகத்தில் சிங்காசனம், அதில் இருப்பவர் கையில் ஏழு முத்திரை போட்டு மூடிய ஒரு சுருள். உலகத்தின் வரலாறு எங்கே போய் முடியும் என்பது அதற்குள் இருக்கிறது. அதைத் திறக்கத் தகுதியானவர் யாரும் இல்லை. யோவான் அழுகிறார். அப்போது அங்கே இருந்த மூப்பரில் ஒருவர், அழாதே, யூதா குலத்துச் சிங்கம் ஜெயித்துவிட்டது, அவர் திறப்பார் என்கிறார். சரி, சிங்கம் வரப்போகிறது என்று யோவான் நிமிர்ந்து பார்க்கிறார். நிற்பது ஒரு ஆட்டுக்குட்டி. அதுவும் வெட்டுப்பட்ட ஆட்டுக்குட்டி.

காதில் விழுந்தது சிங்கம், கண்ணில் பட்டது ஆடு. இயேசுவைச் சிங்கம் என்று சொல்வது அந்தப் புத்தகத்தில் அந்த ஓரிடத்தோடு சரி. அதற்கப்புறம் 22ஆம் அதிகாரம் முடியும்வரை ஆட்டுக்குட்டிதான். மொத்தம் 28 முறை. சிங்காசனத்தில் ஆட்டுக்குட்டி, சீயோன் மலைமேல் ஆட்டுக்குட்டி, கலியாண விருந்தில் மாப்பிள்ளை ஆட்டுக்குட்டி, புதிய எருசலேம் நகரத்துக்கு விளக்கு ஆட்டுக்குட்டி.

இங்கே நம் தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு காரியம் செய்திருக்கிறது. எங்கள் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில், ஆறாம் வசனத்தில் அது வெறும் ஆட்டுக்குட்டி. வினையும் அஃறிணை, 'அது' என்றே வருகிறது. அடுத்த வசனத்தில் அது போய்ச் சுருளை வாங்கும்போது 'ஆட்டுக்குட்டியானவர்' ஆகிவிடுகிறது. வாங்கியது அல்ல, வாங்கினார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. கிரேக்கத்துக்கு மரியாதை விகுதி என்ற சங்கடமும் கிடையாது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. அதுவா அவரா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். முடிவெடுத்தவர்கள் ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அஃறிணையை உயர்திணைக்கு ஏற்றிவிட்டார்கள். கத்தோலிக்கர்களின் பழைய ஜெபங்களில் 'செம்மறிப் புருவை' என்ற அழகான சொல் உண்டு. இப்போதைய பிள்ளைகளுக்குப் புருவை என்றால் புருவம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொரு சொல்லும் உண்டு. அந்த ஆடு 'அடிக்கப்பட்ட' ஆடு என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. நகரத்துப் பிள்ளைகள் இதைக் கம்பால் அடிவாங்கிய ஆடு என்று நினைக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஆடு அடிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நம் மண்ணில் ஆட்டுப் பலி என்பது புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை. மேலமடைப் பாண்டி கோயில் பக்கம் விடுமுறை நாளில் போனவர்களுக்குத் தெரியும். கறிச்சோற்று வாசனை சாலைவரைக்கும் வரும். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடா வீட்டில் ஒரு பிள்ளை போலவே வளரும். வெட்டுகிற நாளில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெட்டுகிறவனுக்கும் அந்த ஆட்டின் சம்மதம் தேவைப்படுகிறது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய ஆச்சரியம். பலியாகிறவர் தானாக விரும்பித் தன்னைக் கொடுத்தார் என்று பெரிய வெள்ளிக்கிழமை தோறும் கேட்கும்போது, சிலிர்க்கிற கிடாவின் முதுகுதான் எனக்குக் கண்முன் வரும்.

என் அத்தை, அப்பாவின் மூத்த சகோதரி, திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றில் இருந்தார். இளவயதிலேயே கணவரை இழந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. எப்போதும் நாலைந்து வெள்ளாடு நிற்கும். பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்த ஆடுகள்தான். எழுபதுகளில் எங்கோ நடந்த கன்வென்ஷனுக்கு யாரோ அழைத்துப் போக, அங்கே வருகையைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தார். வயலில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், ஒருவர் கைவிடப்படுவார் என்ற பிரசங்கம். அதிலிருந்து அத்தைக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஆடு மேய்த்துவிட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை, அடுப்பில் உலை கொதிக்கிறது. எல்லோரையும் எடுத்துக்கொண்டு தன்னை மட்டும் விட்டுவிட்டார் என்று தெருவில் விழுந்து அழுதிருக்கிறார். வீட்டார் பக்கத்துத் தெருவில் யாருக்கோ பிரசவ வலி என்று போயிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் இதை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தோம். அத்தை சிரித்து நான் பார்த்ததில்லை.

1998இல் காலில் புண் ஆறாமல், சர்க்கரை முற்றி, மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தார். சாயங்காலம் நான் வேதம் வாசிப்பேன். சங்கீதம் கேட்பார், யோவான் சுவிசேஷம் கேட்பார். "அந்தக் கடைசிப் பொஸ்தகத்த மட்டும் வாசிக்காதய்யா" என்பார். சில வாரம் அப்படியே போனது. ஒருநாள் நான், "அத்தை, அதுல ஒரு ஆடு வருது, தெரியுமா?" என்றேன்.

"ஆடா?"

ஐந்தாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெட்டுன ஆடு எப்படிய்யா நிக்கும்? காலு நாலும் மடங்கிரும்ல?"

"நிக்குதுன்னுதான் போட்டிருக்கு அத்தை."

"கழுத்துல வெட்டு இருக்கா, ஆறிப்போச்சா?"

"இருக்கு. வெட்டுப்பட்ட மாதிரியேதான் நிக்குது."

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் சொன்னார்: "அப்ப அது நம்மள வெரட்டாதுய்யா."

அதன்பிறகு ஐந்தாம் அதிகாரத்தையும் ஏழாம் அதிகாரத்தையும் அவரே கேட்டு வாங்கிக் கேட்டார். ஒன்பதையும் பதின்மூன்றையும் கடைசிவரை விடவில்லை. அந்த வருஷம் ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார்.

அத்தை கேட்ட கேள்விக்கு இறையியல் கல்லூரியில் பெரிய பதில்கள் இருக்கும். நம் அரசரடியிலேயே 1969இலிருந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது; அங்கே படித்த ஆயர்களிடம் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த மண்ணில் பிறந்தவனுக்கு, வெட்டுப்பட்டவன் எழுந்து நிற்பது அவ்வளவு அந்நியமான செய்தி இல்லை என்று எனக்குத் தோன்றும். வைகைக் கரையில், ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒரு கல் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்காக நட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, மாட்டுக்காகச் செத்தவனைக் கல்லாக நிறுத்தி வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் அவன். 1956இல் எம்.ஜி.ஆர். படம் வந்தபோது கொட்டகையில் பெண்கள் அழுததைப் பற்றி இன்றைக்கும் எங்கள் தெருப் பெரியவர்கள் பேசுவார்கள். அவன் இன்றைக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் காவல் நிற்கிறான். வெட்டிய அரசாங்கம் போய்விட்டது, வெட்டுப்பட்டவன் வாசலில் நிற்கிறான்.

ஆனால் ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நின்றாக வேண்டும். நடுகல் வீரன் நாலு பேரை வெட்டிவிட்டுத்தான் செத்திருப்பான். கருப்பசாமி கையில் அரிவாள் உண்டு. மதுரைவீரனும் வாளோடுதான் நிற்கிறான். யோவான் கண்ட ஆட்டுக்குட்டி யாரையும் வெட்டியதில்லை. ஏழு கொம்பு உண்டு, முட்டியதாக எங்கும் எழுதவில்லை.

இதை இந்த மண்ணில் ஒருவர் உடம்பால் எழுதிக் காட்டினார் என்றால் அது ஓரியூரில்தான். மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த ஜான் டி பிரிட்டோ; நம் மக்களுக்கு அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே வந்து பண்டாரசாமி கோலத்தில், காவி உடுத்து, மறவர் சீமையில் நடந்தார். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று விட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1690இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வேன் என்று மற்றவர்களை விலக்க, அதில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலையை வெட்டி, கைகால்களை வாங்கி, கம்பத்தில் தொங்கவிட்டார்கள். 1947இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. கருமாத்தூரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்.

ஓரியூருக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே மண் சிவப்பு. அவருடைய இரத்தம் என்று சொல்லி மக்கள் அதை முடிந்துகொண்டு போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, பிள்ளை வரம் கேட்டு இந்துக்களும் வருகிறார்கள், மொட்டை போடுகிறார்கள். கிடாவும் வெட்டுகிறார்கள்! ஆட்டுக்குட்டியானவருக்காகத் தலை கொடுத்தவர் வாசலில் ஆட்டுத் தலை விழுகிறது. ஒரே பலி போதும், இனிப் பலி தேவையில்லை என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் முழுக்க வாதாடுகிறது. எங்கள் புரொட்டஸ்டண்ட் பெரியவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ அங்கே மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து, முன்பின் தெரியாத எனக்கும் ஒரு இலையைப் போட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்ணே" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பகுதியில் ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்து என்று ஒன்று வருகிறது. அந்த விருந்துக்கு ஜாதிக்கொரு பந்தி போடுவார்கள் என்று எங்கும் எழுதவில்லை. கல்லறைக்குக்கூட ஜாதிச் சுவர் எழுப்பின சபைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவர்களும் இதே அதிகாரத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

வெள்ளை அங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழாம் அதிகாரத்தில் எண்ண முடியாத ஒரு ஜனக்கூட்டம், கையில் குருத்தோலை, உடம்பில் வெள்ளை அங்கி. ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்து வெளுத்த அங்கியாம் அது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண் வெள்ளைப் பட்டுச் சேலைதான் கட்டுவாள். என் தங்கை கல்யாணத்துக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி, மனசு கேட்காமல் என் அம்மாவிடம், "நல்ல நாளும் அதுவுமா வெள்ளையக் கட்டிவிட்டிருக்கியே" என்று முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு வெள்ளை என்றால் தாலியறுத்தவளின் நிறம். குருத்தோலையும் அப்படித்தான், கல்யாணத் தோரணத்துக்கும் அதுவே, சாவு வீட்டுத் தோரணத்துக்கும் அதுவே, கட்டுகிற முறைதான் வேறு. சாவின் அடையாளத்தையே வெற்றியின் அடையாளமாக யோவான் புரட்டிப் போடுகிறார் என்பதை, அந்த மாமியின் முணுமுணுப்பு எனக்கு விளங்கவைத்த அளவுக்குப் பிரசங்கங்கள் விளங்கவைக்கவில்லை. வெள்ளாவி வைத்து வெளுத்த தலைமுறைக்கு இன்னொன்றும் தெரியும்: எந்தக் கறை போனாலும் இரத்தக் கறை லேசில் போகாது. அந்தக் கறையிலேயே துணி வெளுக்கிறது என்றால் கேட்டவர்கள் திடுக்கிட்டுத்தான் இருப்பார்கள்.

புத்தகம் முழுக்க இப்படிச் சாந்தமாக இருக்கிறது என்று சொன்னால் அது உண்மையாகாது. 14ஆம் அதிகாரத்தில் இரத்தம் குதிரைகளின் கடிவாளம் வரைக்கும் பாய்கிறது. அதை என்னால் சமாதானப்படுத்திச் சொல்ல முடியாது. 19ஆம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரைமேல் இயேசு யுத்தத்துக்கே வருகிறார். ஆனால் கவனித்து வாசித்தால், சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே அவருடைய வஸ்திரம் இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. எதிரியின் இரத்தம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்னும் யாரையும் தொடவில்லையே, அது அவருடைய சொந்த இரத்தம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. அவருடைய வாளும் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது, பேச்சுதான் ஆயுதம். இதற்கு நேர் எதிராக 13ஆம் அதிகாரத்தில் ஒரு மிருகம் ஆட்டுக்குட்டியைப் போல இரண்டு கொம்போடு வரும், வாயைத் திறந்தால் வலுசர்ப்பம் போலப் பேசும். மேடையில் ஏறி, கடவுள் நம் பகைவர்களை நசுக்கப்போகிறார் என்று யாராவது தொண்டை கிழியக் கத்தும்போது எனக்கு அந்த இரண்டு கொம்புதான் ஞாபகம் வரும்.

அதற்காக, ஆட்டுக்குட்டியைப் பின்பற்றுகிறவன் வாயை மூடிக்கொண்டு வெட்டுப்பட வேண்டும் என்று அர்த்தம் செய்வதும் எனக்குச் சம்மதமில்லை. அடங்கிப்போ, பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கூலிக்காரனுக்கும் அடிபடுகிற மனைவிக்கும் இதே வசனங்களைக் காட்டிப் பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறாம் அதிகாரத்தை அவர்கள் வாசிப்பதில்லை. அங்கே பலிபீடத்தின் கீழிருந்து, கொலையுண்டவர்கள் கூப்பிடுகிறார்கள்: இன்னும் எவ்வளவு காலம், எங்கள் இரத்தத்துக்கு எப்போது நியாயம் என்று. யாரும் அவர்களை அதட்டவில்லை. ஆளுக்கொரு வெள்ளை அங்கியைக் கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் பொறுங்கள் என்கிறார்கள். கேள்வி தப்பு என்று சொல்லவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அன்று எங்கள் ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எல்லோர் கையிலும் செல்போன்; இலங்கையில் குண்டு வெடித்திருக்கிறது என்றார்கள். கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு பக்கம் கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே பெரிய ஓட்டல்கள். 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர். மதுரையிலிருந்து அமெரிக்க மிஷன் வரலாற்றைப் பார்த்தால், 1834இல் நமக்கு மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்துதான் வந்தார்கள். எங்கள் சபைகளில் அந்தப் பக்கத்து உறவு இன்னும் விட்டுப்போகவில்லை. அன்று மாலை எங்கள் தெருவில் இருந்த ஓர் இலங்கைக் குடும்பம் யாரையோ திரும்பத் திரும்பப் போனில் அழைத்துக்கொண்டே இருந்தது. ராத்திரி பத்து மணிக்குத்தான் லைன் கிடைத்தது.

கட்டுவாப்பிட்டிய ஆலயத்துக்குள் உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒன்று இருந்தது. சாவை ஜெயித்தவர் என்று ஈஸ்டருக்கு அலங்கரித்து நிறுத்துகிற சுரூபம். வெடிப்பில் சிதறிய சில்லுகள் அதைத் துளைத்தன. ஜெபிக்க வந்திருந்தவர்களின் இரத்தம் அதன்மேல் தெறித்தது. அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. 19ஆம் அதிகாரத்தில் இரத்தத்தில் தோய்ந்த வஸ்திரம் யாருடையது என்று புத்தகம் வைத்து விவாதித்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். தன் இரத்தமா, பகைவன் இரத்தமா என்ற இரண்டே பக்கம்தான் எனக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சுரூபத்தில் இருந்தது கும்பிட வந்த சனங்களின் இரத்தம்.

உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் பழிக்குப் பழி என்று தெருவில் இறங்கக் கூடாது என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அதே மனிதர்தான், உண்மை வெளிவர வேண்டும், யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும் என்று அரசாங்கங்கள் மாறினாலும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்ற வழக்கில், 2023 ஜனவரி 12ஆம் தேதி இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குடும்பங்கள் அதோடு திருப்தியாகவில்லை. இன்னும் கேட்கிறார்கள். அந்தச் சுரூபத்தை யாரும் கழுவித் துடைக்கவில்லை, புதுச் சாயமும் பூசவில்லை. கறையும் ஓட்டையுமாக அப்படியே கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.